கட்டி ஓரிடத்தில், மாற்றம் உடம்பெங்கும்: கேள்வி பதில்

விலங்குகளின் கட்டிகள் பற்றி வன்னி உறவுகள் கேட்டவற்றுக்கு ஒரு மிருக வைத்தியராக என் பதில்கள்.

உயர்தர மாணவி, கிளிநொச்சி: எலியின் தோலடியில் கட்டி வளர்ந்தால் ஈரலிலும் நியூக்கிளிக் அமிலத் தொகுப்பு (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. உருவாகும் வேலை) மாறுகிறதாம். கட்டி பரவாத இடத்தில் ஏன்?

நல்ல கேள்வி தங்கச்சி. கலம் பிரிய முன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். அதற்கு டி.என்.ஏ.யின் கட்டுமானப் பொருட்களான பியூரினும் பிரிமிடினும் தேவை. கட்டிக் கலம் இவற்றைப் புதிதாகவும் செய்யும், இரத்தத்தில் வருவதையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். இவற்றைச் செய்வதற்கான நைதரசனில் பெரும்பங்கு குளுட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. குளுட்டமினின் பெரிய களஞ்சியம் தசை. கட்டி வந்த நாய் நன்றாகத் தின்றும் தொடை வற்றிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, கட்டி விடும் சமிக்ஞைப் புரதங்கள் ஈரலையும் மண்ணீரலையும் உசுப்பிவிடும். அங்கே ஒரு புற்றுக்கலம்கூட இல்லாமலே தொகுப்பு கூடும், ஐதரசன் பெரொக்சைட்டை உடைக்கும் ஈரலின் கற்றலேஸ் நொதியம் குறையும். கட்டியை மட்டும் பார்த்து நோயை அளக்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

நெடுங்கேணி: புற்றுநோய் மருந்து தொடங்கியதும் அப்பாவுக்கு யூரிக் அமிலம் ஏறியது. நாய்க்கும் ஏறுமா?

கலங்கள் கூட்டமாக இறக்கும்போது அவற்றின் பியூரின் உடைந்து யூரிக் அமிலமாகிறது. நாயின் ஈரல் அதை நீரில் எளிதில் கரையும் அலந்தோயினாக மாற்றிவிடும்; மனிதருக்கு அப்படி மாற்றும் நொதியம் இல்லை. டல்மேஷன் போன்ற சில நாய் இனங்கள் விலக்கு.

முள்ளியவளை: அம்மாவின் தோலுக்குத் தந்த புளூரோயுராசில் களிம்பைப் பூனையின் புண்ணுக்குப் பூசலாமா?

வேண்டவே வேண்டாம் அக்கா! எலியின் ஈரல் புற்று, நல்ல ஈரலைவிட அதிகமாக யுராசில் என்ற பிரிமிடினை உள்வாங்குவதை 1954இல் கண்டார்கள். அந்தப் பசிக்கு வைத்த பொறியாக, யுராசில் போலவே தோற்றம் காட்டி 1957இல் வந்ததே இந்த மருந்து. ஆனால் பூனையின் நரம்பைத் தாக்கிக் கொன்றுவிடும். நாய் நக்கினாலும் ஆபத்து.

மாங்குளம்: எங்கள் நாயின் குறியில் பூக்கோவா மாதிரிச் சதை வளர்ந்து இரத்தம் சொட்டுகிறது. சுட்டுவிடச் சொல்கிறார்கள்.

சுட வேண்டாம் தம்பி. பெரும்பாலும் இது நாய்க்கு நாய் உறவில் பரவும் கட்டி. தொற்றுவது கிருமி அல்ல, உயிருள்ள புற்றுக்கலமே. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயில் தொடங்கிய கலம் இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது; இடையிடையே, தான் குடியேறிய நாயின் இழைமணி (கலத்துக்குச் சக்தி தரும் உறுப்பு) டி.என்.ஏ.யையும் எடுத்துக்கொண்டது. பட்டிப்பூச் (நித்தியகல்யாணி) செடியிலிருந்து வரும் வின்கிறிஸ்டீன் மருந்தை வாரம் ஒருமுறை சில வாரங்கள் ஏற்றினால் பெரும்பாலானவை முற்றாகக் குணமாகும். இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தசை அழுகும், ஆகவே மிருக வைத்தியரே ஏற்ற வேண்டும்.

அதே தம்பி: எங்களுக்குத் தொற்றுமா?

தொற்றாது. மற்ற நாய்களுக்குத் தொற்றும், சிகிச்சை முடியும்வரை நாயைக் கட்டிவையுங்கள். ஊசி போட்ட நாட்களில் அதன் கழிவைக் கையுறையோடு அள்ளுங்கள்.