படிகாரக் கோடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. நைனா நாலு விசைத்தறி ஓட்டுகிறார். போன மாதம் காளஹஸ்தி கோயிலுக்குப் போனபோது ஒரு கடையில், கோலால் எழுதிச் சாயமேற்றிய பெரிய கலம்காரித் துணியைப் பார்த்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். நடுவில் ராமர் பட்டாபிஷேகம், சுற்றிலும் கட்டம் கட்டமாகக் கதை, கட்டத்துக்குக் கீழே தெலுங்கு எழுத்து. கல்லூரியில் இதைச் சொன்னபோது ஓர் ஆசிரியர், "அது கைவினை. பாட்டன் போட்டதைப் பேரன் போடுகிறான். கலை என்றால் சமூகத்தைக் கேள்வி கேட்க வேண்டும்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. கலம்காரி கலையா, இல்லையா? கலையால் சமூகத்துக்கு என்ன பயன்? இதைப் பற்றி என்ன படிக்கலாம்? அதே படம் அச்சடித்த சேலையாக மலிவாகக் கிடைக்கிறதே, என்ன வித்தியாசம்?

ஒரு வாசகர், நகரி

அன்புள்ள தம்பி,

புத்தகம் பிறகு பார்க்கலாம். கேள்வி கேட்கும் கலை ஒரு வகை, அதுவும் வேண்டும்; அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுக்கப் போவதில்லை. "பாட்டன் போட்டதைப் பேரன் போடுகிறான்" என்ற வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. சில வாரங்களாக மனசில் கிடந்ததும் இதுவேதான்.

முதலில் உங்கள் மேல் ஒரு கோபம். ஒரு மணி நேரம் நின்றிருக்கிறீர்கள். அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? தறி வீட்டுப் பிள்ளை கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? கேட்டிருந்தால் ஆசிரியருக்குச் சொல்லப் பதில் இருந்திருக்கும்.

கேளுங்கள். காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்து, ஒரே சீராகப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புதான் பின்னால் வரப்போகும் நிறத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பாலில் உள்ள கொழுப்பு மையைப் பரவ விடாது. பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், அதனால்தான் எருமைப்பால். கஞ்சி மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் கடுக்காய் ஏறாது, கடைசியில் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். ஈரத்துணியைத் துருப்பிடித்த இரும்புக் கம்பிக் கொடியில் போட்டுவிட்டால் கம்பி பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு விழுந்துவிடும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு.

அந்தக் கறுப்பை வேண்டுமென்றே வரவழைப்பது கசிமி என்கிற மை. துருப்பிடித்த இரும்பு, வெல்லம், பனைவெல்லம் மூன்றையும் பானைத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுவார்கள். புளிப்பு போதாவிட்டால் கோடு சாம்பலாக வெளிறும். இரும்பு மிஞ்சினால் உடனே ஒன்றும் தெரியாது, பல வருஷம் கழித்து அது துணியைத் தின்னும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சாயத்துணிகளில் சிவப்பு அப்படியே இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் இற்றுப்போயிருப்பதைக் காணலாம். எழுதுகோல் ஒரு மூங்கில் குச்சி. நுனியைக் கூராகச் சீவி, சற்று மேலே கம்பளியையோ துணியையோ சுற்றி நூலால் இறுக்கியிருப்பார்கள். சுற்றியிருப்பது மையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரல் அமுக்குகிற அளவுக்கு மை இறங்கும். புளியங்குச்சிக் கரியால் போட்ட கோட்டைத் தட்டிவிடலாம். கசிமிக் கோட்டை அழிக்க வழியே இல்லை.

இனிதான் முக்கியமான இடம். சிவப்பு வேண்டிய இடத்தில் யாரும் சிவப்பைப் பூசுவதில்லை. படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து, அந்த நீரால் எழுதுகிறார்கள். படிகார நீருக்கு நிறம் கிடையாது. எங்கே எழுதினோம் என்று கண்ணுக்குத் தெரியக் கொஞ்சம் சாயம் கலந்துகொள்வதுண்டு, அது அடையாளத்துக்கு மட்டும். ராமனின் உதட்டையும் சீதையின் சேலைக் கரையையும் பட்டாபிஷேகப் பந்தலையும் நிறமில்லாத நீரால் எழுதுகிற கைக்கு, இன்னும் வராத சிவப்பு இப்போதே தெரிந்திருக்க வேண்டும். எழுதியதை ஒரு நாளாவது அப்படியே விட்டுவிட்டு, ஓடுகிற தண்ணீரில் அலசுவார்கள். துணியில் பிடிக்காத படிகாரம் ஓட்டத்தோடு போய்விட வேண்டும். தேங்கிய தண்ணீரில் அலசினால், கழன்ற படிகாரம் வெற்றுத்துணியில் போய் உட்காரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு செப்பு அண்டாவில் சிவப்புச் சாயம் தரும் சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டுத் துணியை வேகவைத்து, கோலால் இடைவிடாமல் புரட்டும்போது, படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கிறது. எழுதிய இடம் சிவக்கிறது, எழுதாமல் சிந்திய இடமும் சிவக்கிறது. மூன்று நாள் முந்தி கை தடுமாறியிருந்தால் அது இப்போதுதான் வெளியே வரும், திருத்தவும் முடியாது. செப்புக்குப் பதில் இரும்பு அண்டா வைத்தால் அத்தனை சிவப்பும் மங்கிப் பழுப்பாகும்.

பாட்டன் போட்ட கோட்டைப் பேரன் போடுகிறான், உண்மை. பாட்டனுக்குக் கிடைத்த வெயில் பேரனுக்குக் கிடைக்காது. அந்தப் பானையின் புளிப்பும் அந்த வருஷத்து வேரும் ஆற்றுத் தண்ணீரும் திரும்ப வராது. ஒவ்வொரு துணியிலும் அவன் புதிதாக முடிவெடுக்கிறான். படிகாரம் இன்று எவ்வளவு கெட்டி? கெட்டித்தால் கோலிலிருந்து சீராக இறங்காது, நீர்த்தால் சிவப்பு வெளிறும். இன்று அலசலாமா, நாளைக்கா? பேரனின் அறிவு முழுவதும் இந்த முடிவுகளில் இருக்கிறது. ராமர் எங்கே உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் பாட்டனிடமிருந்து வந்தது. மரபிசைப் பாடகர் பழைய கீர்த்தனையைப் பாடினால் கலை என்கிறோம். இதே வேலையைத் துணியில் ஈரக்கையோடு செய்கிறவரைக் கைவினைஞர் என்கிறோம். இந்தப் பாகுபாட்டை என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது. அறுபத்து நான்கு கலைகளைக் காமசூத்திரத்தில் வாத்ஸ்யாயனர் அடுக்கும்போது ஆடைக்குச் சாயமேற்றுவதும் அதில் ஒன்று. தமிழில் கலை என்ற சொல்லுக்கே ஆடை என்று ஒரு பொருள் உண்டு. சித்திரம் எழுதுவது என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். காளஹஸ்தியில் இந்த வேலையின் பழைய பெயர் 'வ்ராத பணி', எழுத்து வேலை. நானும் அவர்களும் ஒரே வினைச்சொல்லில் பிழைக்கிறோம்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். கோயில் மண்டபத்தில் அந்தத் துணியைத் தொங்கவிட்டு, கட்டம் கட்டமாகக் காட்டிக் கதை சொன்னார்கள். படிக்கத் தெரியாதவனும் ராமாயணத்தை முழுசாகப் பார்த்தான். இதே கடுக்காய், படிகார முறையில் சோழமண்டலக் கரையில் எழுதிய பருத்தித் துணி ஐரோப்பாவுக்குப் போனபோது, பிரான்ஸ் 1686-இலும் இங்கிலாந்து 1700, 1721-இலும் தடைச் சட்டம் போட்டன. தென்னிந்தியாவிலிருந்த பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார் கூர்தூ 1742-இல் இந்த முறையைப் படிப்படியாகக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காயும் எருமைப்பாலும் அதில் இருக்கின்றன. வெளியூர்க்காரர் ஒருவர் சாயக்காரர்களிடம் இதைக் கேட்டு எழுதியிருக்கிறார். நீங்கள் எட்டும் தூரத்தில் இருந்தும் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

உங்கள் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். சமூகத்தால் இந்தக் கலைக்கு என்ன பயன்? அதற்கு வேண்டியது ஓடும் தண்ணீர். காளஹஸ்தியை ஒட்டி ஓடும் ஆறு, தேவாரக் காலத்துப் பொன்முகலிதான் இன்றைய சுவர்ணமுகி. மழைக்காலம் போனால் பெரும்பாலும் மணல்தான். ஆழ்குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அலசினால் தேங்கிய தண்ணீரின் கறை வரும். அந்தத் தண்ணீரில் இரும்பு இருந்தால் சிவப்பு மங்கும். ஆற்றைக் காப்பாற்றாமல் கலையைக் காப்பாற்றுகிறோம் என்று மேடையில் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை.

அச்சுச் சேலையைப் பற்றிச் சுருக்கமாக: துணியைத் திருப்பிப் பாருங்கள். வேகவைத்த சிவப்பு பின்பக்கமும் ஊறி நிற்கும், மேலே ஒட்டிய அச்சு பின்னால் வெளிறும். கறுப்புக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். கோலை மையில் தொட்டு மறுபடி வைத்த இடத்தில் கோடு கொஞ்சம் தடிக்கும், பிறகு மெலியும். அச்சில் ஒரே தடிமன்தான், இரண்டாவது சேலையிலும் அதே இடத்தில் அதே வளைவு. அச்சுச் சேலை வாங்குங்கள், உடுத்துங்கள், தப்பில்லை. கையால் எழுதிய கலம்காரி என்று அதை விற்பதுதான் தப்பு.

அடுத்த முறை துணி வேகவைக்கும் நாளாக விசாரித்துக்கொண்டு போங்கள். மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும், அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அண்டா பக்கத்தில் நில்லுங்கள். நைனாவையும் கூட்டிப் போங்கள். கடுக்காயில் போடப்போகும் துணியில் கஞ்சி போய்விட்டதா என்று அவர் விரலால் தொட்டே சொல்லிவிடுவார்.