கூட்டத்தில் ரெண்டு சுற்று எதற்கு?

கேள்வி: எனக்கு 29 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒன்றரை வருடமாக சல்சா என்ற ஜோடி நடனம் கற்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் பெங்களூரு போய் ஆடுவேன். போன வாரம் நல்ல கூட்டம். கூட ஆடிய பெண்ணை கிராஸ் பாடி லீடில், அதாவது என் முன்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்தி, ரெண்டு சுற்று சுற்றவிட்டேன். அவர் பின்னால் வைத்த ஹீல்ஸ், பக்கத்தில் ஆடிய பெண்ணின் கட்டைவிரலில் இறங்கி நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. மிதித்தது நான் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணோடு ஆடியவர் என்னைத்தான் முறைத்தார். அடியைச் சின்னதாக வைத்திருக்கலாம் என்று என் பார்ட்னருக்கு அங்கேயே எடுத்துச் சொன்னேன். அதற்கப்புறம் கூப்பிட்டால் ‘வேண்டாம்’ என்றுவிட்டார். தப்பு யாருடையது?
– ஓசூர் வாசகர்

பதில்: தம்பி, முறைத்தவர் சரியான ஆளைத்தான் முறைத்திருக்கிறார்.

நம் ஊர்ப் பக்கம் லாரிக்குப் பஞ்சமில்லை, பார்த்திருப்பீர்கள். டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று ‘வா, வா, வா’ என்று பாடியைத் தட்டுவார். அவர் தட்டத் தட்ட வந்த வண்டி சுவரில் மோதினால் யாருக்குத் திட்டு விழும்? ஜோடி ஆட்டத்தில் அந்தக் கிளீனர் நீங்கள். உங்களை நம்பித்தான் அந்தப் பெண் பின்னால் கால் வைக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். இடமில்லை என்று தெரிந்தால் சுற்றவிடக் கூடாது. பேசிக் ஸ்டெப்பையே இன்னொரு எட்டு எண்ணிக்கைக்கு ஆடிவிட்டு, இடம் கிடைத்த பிறகு சுற்றியிருக்கலாம். பாட்டு எங்கே ஓடிவிடப் போகிறது!

கும்மியில் இந்தத் தொல்லை இல்லை. வட்டம் முழுக்க ஒரே பக்கமாகப் போகும். வால்ட்ஸ், டாங்கோ ஆடுகிறவர்களும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் தளத்தைச் சுற்றி வருவார்கள். சல்சாவுக்கு அந்த ஒழுங்கு கிடையாது, அவரவர் இடத்திலேயே ஆட வேண்டியதுதான். அதிலும் நீங்கள் ஆடுவது கோட்டில் போய்வரும் லாஸ் ஏஞ்சலஸ் பாணி மாதிரி தெரிகிறது. பக்கத்து ஜோடி கியூபா பாணியில் வட்டமடித்தால், உங்கள் கோடும் அவர்கள் வட்டமும் எங்காவது வெட்டத்தான் செய்யும். தளத்தில் இறங்கியதும் அக்கம்பக்கத்துக் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்து, உங்கள் கோட்டையும் அதே பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். பெண்ணைப் பின்னால் சாய்க்கிறது, தூக்குகிறது எல்லாம் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். காலியான தளத்தில்கூட கேட்காமல் சாய்த்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அது யாருக்கும் நடக்க வேண்டாம், எனக்கு நடந்திருக்கிறது.

ஹீல்ஸை லேசாக நினைக்காதீர்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் இறங்குகிற யானை 4,000 கிலோ என்று வையுங்கள். நாலு அகலப் பாதத்தில் அந்தப் பாரம் பரவி, நிற்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் அழுத்தும். 50 கிலோ பெண் ஒரு சதுர சென்டிமீட்டர் ஹீல்ஸ் நுனியில் மொத்தப் பாரத்தையும் போட்டால், அந்த இடத்தில் 50 கிலோ இறங்குகிறது. நகம் தாங்குமா? பின்னடி வைக்கும்போது முன்பாதத்தில் நின்று, குதிகாலைக் கீழே இறக்காமல் ஆடுவது அதனால்தான். அடியைச் சின்னதாக வைத்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னதில் தப்பில்லை. சொன்ன இடமும் நேரமும்தான் தப்பு.

போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அடிபட்டவர் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உங்கள் பார்ட்னர் பதறிப்போயிருக்கிறார், நீங்கள் பாடம் எடுத்திருக்கிறீர்கள்! ஆடுகிற தளத்தில் கேட்காதவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அது வகுப்பில் வாத்தியார் வேலை. அந்த இடத்தில் ‘என் தப்பு, சாரி’ என்று இருவரிடமும் சொல்லி, அடிபட்டவரை ஓரமாக உட்காரவைத்து, காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க உதவியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. யார் மேல் தப்பு என்று பார்க்காமல், இடித்தவர் இடிபட்டவர் ரெண்டு பேருமே சாரி சொல்வதுதான் அங்கே நடைமுறை.

‘வேண்டாம்’ என்றதற்குக் காரணம் கேட்காதீர்கள். அன்றிரவு திரும்பவும் போய்க் கூப்பிடாதீர்கள். வேறொரு நாள், காலியான நேரத்தில், ஒரே ஒருதரம் கேட்கலாம். வந்தால், உங்கள் முதுகுப் பக்கம் யாராவது நெருங்கினால் தோளை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் அவர் பின்னால் பார்க்கிற மாதிரி அவர் உங்கள் பின்னால் பார்ப்பார். வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை போனதும் முதலில் அந்தக் கட்டைவிரல்காரரைத் தேடிப் போய், நகம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அப்படியே பையில் மாற்றுச் சட்டை ரெண்டு இருக்கட்டும். நாலு பாட்டுக்கே வேர்வை ஊற்றும். ராத்திரி ஓசூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரும் மனுஷர்தானே!