அண்டர்டோவா, அண்டர்கரண்டா?

வணக்கம். கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத மனக்கசப்பைக் குறிக்க உங்கள் ஆங்கில அலுவலக அறிக்கையில் 'அண்டர்டோ ஆஃப் டென்ஷன்' (undertow of tension) என்று நீங்கள் எழுதியதை, உங்கள் மேலாளர் 'அண்டர்கரண்ட்' (undercurrent) என்று ஏன் திருத்தினார் எனக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியது பிழையன்று. ஆயினும் அந்த இடத்திற்கு அவருடைய சொல்லே பொருத்தம்.

அண்டர்கரண்ட் என்பது மேற்பரப்புக்குக் கீழே ஓடும் நீரோட்டம் என்பதால், வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நிலவும் அச்சம், பகை, ஏன், நகைச்சுவை உணர்வைக்கூட ஆங்கிலத்தில் அச்சொல்லால் குறிப்பார்கள். அண்டர்டோ அப்படியன்று. கரையில் மோதிய அலைநீர் அடுத்த அலைகளின் அடியில் கடலை நோக்கித் திரும்பும்போது நிற்பவரின் காலை இழுக்கிறதல்லவா, அந்த இழுப்புதான் அச்சொல்லின் உயிர். ஆகவே கடன், மனச்சோர்வு, பழைய நினைவு போன்றவை ஒருவரை அவருடைய விருப்பத்திற்கு மாறாகப் பின்னுக்கு இழுக்கும் இடத்தில் அதை எழுதினால் வாக்கியம் வலுப்பெறும். உங்கள் கூட்டத்திலோ கசப்பு இருந்ததே தவிர, அது யாரையும் எங்கும் இழுத்துச் செல்லவில்லை.

'ரிப்டைடு' (riptide) என்று மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள், வேண்டாம். கரையிலிருந்து கடலுக்குள் குறுகலாகப் பாயும் அந்த வேக நீரோட்டம், பெயரில் 'டைடு' (ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) இருந்தாலும், ஓதத்தால் உண்டாவதன்று, அலைகளால் உண்டாவது. உருவகமாக வரும்போது ஆளையே அடித்துச் செல்லும் வேகத்தை அது உணர்த்துவதால், அலுவலக அறிக்கைக்கு மிகையாகத் தோன்றும்.