தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுறேன், லோன் போட்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுக்கலாமா?

கேள்வி: வேலைக்குப் போய் வர தினம் 40 கிலோமீட்டர் ஆகுது சார். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 9 வயசு, பாதி நாள் மெக்கானிக் கிட்டதான் நிக்குது. எலக்ட்ரிக் எடுக்கணும்னா லோன் போடணும், பேட்டரி போச்சுன்னா அவ்ளோதான்னு வேற பயமுறுத்துறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: தாராளமா எடுங்க. எலக்ட்ரிக்ல காசு மிச்சமாகறது வண்டி ஓடினாத்தான், தினம் 5 கிலோமீட்டர் ஓட்டுறவர் கேட்டிருந்தா பழைய வண்டியே போதும்னு சொல்லிருப்பேன், உங்களுக்கு அப்படி இல்ல.

ஒரு பேப்பர் எடுங்க. 40 கிலோமீட்டருக்கு உங்க பழைய வண்டி கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடிக்கும், எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடும்போது வீணாகறதையும் சேர்த்து ஒன்றரை யூனிட் கரண்ட் போதும். பெட்ரோல் எஞ்சின்ல எரிபொருளோட சக்தியில முக்கால்வாசி சூடாவே போயிடுது, மோட்டர்ல அந்த நஷ்டம் ரொம்ப கம்மி, அதான் இவ்ளோ வித்தியாசம். ரெண்டு விலையையும் பக்கத்துல பக்கத்துல எழுதி கழிங்க, அதுதான் உங்க ஒரு நாள் மிச்சம். இப்ப புது பெட்ரோல் ஸ்கூட்டரை விட எலக்ட்ரிக் வண்டிக்கு எவ்ளோ கூட குடுக்கறீங்களோ அதோட அதுக்கான வட்டியையும் சேர்த்து இந்த மிச்சத்தால வகுத்தா எத்தனை நாள்ல போட்ட காசு திரும்பும்னு தெரிஞ்சிடும். ஆயில் மாத்துறது, ஸ்பார்க் பிளக் செலவெல்லாம் நான் கணக்குல சேர்க்கவே இல்ல.

பேட்டரி பயம் நியாயமானதுதான், ஆனா தினம் சார்ஜ் போட்டா தினம் ஒரு சைக்கிள், அதாவது பேட்டரி முழுசா ஒரு தடவை காலியாகி நிரம்பற கணக்கு, போயிடும்னு நினைக்கறது தப்பு. ஒரு சார்ஜுக்கு 100 கிலோமீட்டர் போற வண்டின்னா உங்களுக்கு ஒரு நாளைக்கு 40 சதவீதம்தான் காலியாகும், அப்படி ரெண்டரை நாள் சேர்ந்தாத்தான் ஒரு முழு சைக்கிள். பேட்டரி ஆயிரம் சைக்கிள் தாங்கும்னு வெச்சுக்கிட்டா லட்சம் கிலோமீட்டர், வருஷம் 300 நாள் ஓட்டினா 8 வருஷத்துக்கு மேலயே வரும், அப்பவும் பேட்டரி ஒரேயடியா செத்துடாது, ஒரு சார்ஜுக்கு போற தூரம்தான் குறைஞ்சிருக்கும். வெயில்ல சுட்டுக் கிடக்கற வண்டியில உடனே சார்ஜ் போடாதீங்க, கொஞ்சம் ஆறட்டும்.

லோன் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, பேட்டரி வாரண்டி முடியறதுக்கு முன்னாடி கடைசி இஎம்ஐ முடிஞ்சிருக்கணும். வாரண்டி போனப்புறமும் தவணை கட்டிட்டிருந்தீங்கன்னா, பேட்டரிக்கு ஏதாவது ஆனா ரெண்டு செலவும் ஒண்ணா தலையில விழும். மாசத் தவணை குறையுதேன்னு வருஷத்தை இழுக்காதீங்க.

அப்புறம் புக் பண்றதுக்கு முன்னாடியே பார்க்கிங்ல பிளக் பாயின்ட் இருக்கா, எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியன வெச்சு பாத்துடுங்க. வீட்ல சார்ஜ் போட வழியில்லாம வெளிய ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினா யூனிட் விலை பெரும்பாலும் கூட வரும், அப்ப அந்த விலைய வெச்சு கணக்க மறுபடி போடுங்க.