ஒயில் மாற்றியதும் செக் என்ஜின் விளக்கு எரிவது ஏன்?

செக் என்ஜின் விளக்கு என்பது, உணரிகள் தரும் அளவு ஏதோ பொருந்தவில்லை என்று காரின் கணினி காட்டும் மஞ்சள் அடையாளம். ஒயில் மாற்றிவிட்டு வெள்ளவத்தையில் காலி வீதிக்கு ஏறியதும் எரிகிறதா? ஓரமாக நிறுத்தி, சூடு ஆறியதும் பொனட்டைத் திறங்கள். ஒயில் மூடி இறுகியிருக்கிறதா, ஒயில் அளவு பார்க்கும் கம்பி முழுதாக உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். இவை தளர்ந்திருந்தால், பல கார்களில் அந்த இடைவெளியால் கணக்கில் வராத காற்று புகுந்து, பெட்ரோல் கலவை குலையும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் செவ்விளநீர் உறிஞ்சுவது போலத்தான், பாதி காற்றுதான் வரும். ஏர் ஃபில்டரையும் கழற்றியிருந்தால், பக்கத்திலுள்ள உணரியின் வயரைத் திரும்பச் செருக மறந்திருக்கலாம். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சரிசெய்தாலும் விளக்கு அணையச் சில ஓட்டங்கள் பிடிக்கலாம்.

அப்புறம், பலர் நினைப்பது போல இது ஒயில் அழுத்த விளக்கு அல்ல. அது சிவப்பு எண்ணெய்க் குவளை வடிவம், எரிந்தால் என்ஜினை உடனே நிறுத்துங்கள்.