கேள்வி-பதில்: வெடி அபாயம் உள்ள இடத்துக்கு எந்த விளக்கு?

கேள்வி: ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் அறையில் விளக்கு மாற்ற வேண்டும். கடையில் ஐபி66 விளக்கைக் காட்டி, "காற்றுகூடப் புகாது, இதுவே போதும்" என்கிறார்கள். ஃப்ளேம்ப்ரூஃப் விளக்கின் விலையோ பல மடங்கு. எதை வாங்குவது?

பதில்: ஐபி66 என்றால் தூசியும் பீய்ச்சியடிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது, அவ்வளவுதான். தின்னர் ஆவி போகும். விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் வெளியேறும். அணைத்ததும் ஆறிச் சுருங்கி, வெளிக்காற்றை ஆவியோடு சேர்த்து இழுக்கும். பிறகு உள்ளே ஒரு பொறி விழுந்தால் போதும்.

ஃப்ளேம்ப்ரூஃப் விளக்குக்குள்ளும் ஆவி போகத்தான் செய்யும். உள்ளே வெடித்தாலும் அதன் கனத்த கூடு அழுத்தத்தைத் தாங்கும். மூடியும் உடலும் சேரும் இடத்தில் உள்ள குறுகலான, நீண்ட இடுக்கைக் கடப்பதற்குள் சூடான வாயு ஆறிவிடுவதால் வெளியே உள்ள ஆவி பற்றாது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த இடுக்கின் துல்லியத்துக்குத்தான்.

செலவைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு: விளக்கை அறைக்கு வெளியே, ஆவி வராத இடத்தில் வைத்து, கசிவில்லாமல் பொருத்திய கண்ணாடி வழியே வெளிச்சம் விடலாம்.

கேள்வி: லேபிளில் "எக்ஸ் டிபி 2பி டி4 ஜிபி" (Ex db IIB T4 Gb) என்று எழுத்துகள் இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் வரும் எக்ஸ் டிபி, இது ஃப்ளேம்ப்ரூஃப் வகை என்பதைக் காட்டும். மற்றவற்றைக் கடைசியிலிருந்து படியுங்கள். ஜிபி என்றால் ஜோன் 1, அதாவது சாதாரண வேலையின்போதே அவ்வப்போது ஆவி சேரக்கூடிய இடத்துக்கு ஆகும். ஜிசி என்றிருந்தால் ஜோன் 2-க்கு மட்டும். அங்கே ஆவி அபூர்வமாக வரும், வந்தாலும் சீக்கிரம் கலைந்துவிடும்.

டி (T) என்பது விளக்கின் மேற்பரப்பு எட்டக்கூடிய உச்ச வெப்பம். டி1 450 டிகிரி செல்சியஸ், டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. உங்கள் ரசாயனம் தானாகத் தீப்பற்றும் வெப்பநிலை இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளில் அது இருக்கும்.

2பி என்பது வாயுக் குழு (லேபிளில் 2 ரோமன் எண்ணில் இருக்கும்). புரொப்பேன் 2ஏ, எத்திலீன் 2பி, ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் 2சி. பலரும் தடுமாறுவது இங்கேதான். குழுவும் டி எண்ணும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. ஹைட்ரஜன் மிகக் குறுகிய இடுக்கிலும் நெருப்பைக் கடத்தும், அதனால் 2சி விளக்கு கட்டாயம். ஆனால் தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆகவே டி1 போதும். டை எத்தில் ஈதர் 2பி-தான். ஆனால் 200 டிகிரிக்குக் கீழேயே பற்றும், டி4 வேண்டும். "டி6 வாங்கினேன், எல்லாவற்றுக்கும் சரி" என்று, ஹைட்ரஜன் வெளிவரும் பேட்டரி சார்ஜிங் அறையில் 2பி விளக்கை மாட்டினால் தப்பு. போதாக்குறைக்கு, லேசான ஹைட்ரஜன் போய்ச் சேர்வதும் விளக்கு தொங்கும் கூரைக்கடியில்தான்.

சுற்றுப்புற வெப்பத்தையும் பாருங்கள். லேபிளில் தனியாக எதுவும் போடவில்லை என்றால் மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரை என்று கணக்கு. தகரக் கூரைக்கடியில் 50 தாண்டும் என்றால், அதற்குச் சான்று பெற்ற மாடலைக் கேளுங்கள்.

சான்றிதழ் எண் யு எழுத்தில் முடிந்தால் அது வெறும் உதிரிபாகம், தனியாக மாட்டக் கூடாது. எக்ஸ் எழுத்தில் முடிந்தால் சிறப்பு நிபந்தனை உண்டு. சான்றிதழை வாங்கிப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய ஃப்ளேம்ப்ரூஃப் கூட்டுக்குள் எல்இடி பல்பு போடலாமா? வாட் குறைவுதானே?

பதில்: அந்த பல்பு சான்றிதழில் இருந்தால் போடலாம். இல்லையென்றால் வாட் குறைவு என்பது பதிலாகாது: சோதனை நடந்தது பழைய பல்போடு, எல்இடியின் டிரைவர் (அதற்கு ஏற்ற மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்) சூடாகும் இடம் வேறு.

கேள்வி: மாவு அரைக்கும் கூடத்துக்கும் இதே விளக்கு ஆகுமா?

பதில்: ஜிபி மட்டும் இருந்தால் ஆகாது; தூசிக்கான டிபி (Db) அல்லது டிசி (Dc) குறியீடும் வேண்டும். பெரிய D-யில் தொடங்கும் இந்த டிபி வேறு, முன்பு பார்த்த ஃப்ளேம்ப்ரூஃப் டிபி (db) வேறு. வெப்பக் கணக்கும் வேறு. தூசி மேகம் பற்றும் வெப்பநிலையில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்று; 5 மில்லிமீட்டர் படிவு பற்றும் வெப்பநிலையில் 75 டிகிரி கழித்தது இன்னொன்று. இரண்டில் குறைந்ததைத் தாண்டக் கூடாது. உதாரணமாக மேகம் 390, படிவு 300 என்றால் 260-உம் 225-உம் வரும், வரம்பு 225. படிவு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது, படிந்த தூசியை அகற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பயன்படுத்தாத கேபிள் துளையில் வரும் பிளாஸ்டிக் அடைப்பான் லாரிப் பயணத்துக்கு மட்டுமே. அதை எடுத்துவிட்டுச் சான்று பெற்ற உலோக அடைப்பானைத் திருகுங்கள். கேபிள் கிளாண்டும் (கேபிள் நுழையும் துளையில் அதை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) சான்று பெற்றதாக, குறைந்தது 5 முழு மரை உள்ளே போனதாக இருக்க வேண்டும். மூடியின் இடுக்கில் பெயின்ட் படக் கூடாது, காய்ந்து இறுகும் சிலிகோன் பசை பூசக் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன, இறுகாத கிரீஸ் மட்டும். போல்ட் ஒன்று குறைந்தாலும் கூடு அழுத்தத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது. புதிதாக ஒரு துளை போட்டால் சான்றிதழ் அன்றோடு போயிற்று.