கொத்தனார் வேலை: ஐ.டி.ஐ.யா, மேஸ்திரியா?

எட்டாவது முடித்த தம்பியைக் கொத்தனார் வேலை கற்க எங்கே சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர்த்துவிடுங்கள். எட்டாவது தேர்ச்சி போதும், ஒரு வருடப் படிப்பு. மேஸ்திரியிடம் நேரே போனால் கல்லும் கலவையும் சுமந்தே மாதங்கள் ஓடிவிடும். கலவை பூசும் கரணை கைக்கு வராது. பயிற்சியில் சுவரைக் கட்டி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, கோணினால் பிரித்து மறுபடி கட்டலாம். சம்பளத்துக்குக் கட்டும் இடத்தில் அதற்கு வழியே இல்லை.

பயிற்சியில் ஒவ்வொன்றுக்கும் காரணமும் புரியும். செங்கல்லை ஏன் ஊறவைக்கிறோம்? காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சிமெண்ட் சரியாக இறுகாது. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏன் 1:6 கலவை (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்), நாலரைக்கு ஏன் 1:4 என்பதும் புரியும்.

பூச்சு வேலையில் வேகம் மட்டும் சைட்டில்தான் வரும். படிப்பு முடிந்ததும் நல்ல மேஸ்திரியிடம் ஆறு மாதமாவது அனுப்புங்கள்.